கல்லுக்குள் ஒரு கனசதுரம்: சிற்பத்திலும் கட்டடத்திலும் எளிய வடிவங்கள்

ஒரு பிடி களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் தட்டித் தட்டி ஒரு கனசதுரமாக்குங்கள். இன்னொரு பிடியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருண்டையாக்குங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டார்ச் அடியுங்கள்.

கனசதுரத்தில் வெளிச்சம் வெட்டினாற்போல நிற்கும். ஒரு முகம் பளிச்சென்று இருக்கும், அடுத்தது மங்கல், மூன்றாவது இருட்டு. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடம் ஒரே ஒரு கோடு. உருண்டையில் அப்படி ஒரு கோடே இல்லை. வெளிச்சம் மெல்லக் கரைந்து நிழலாகிறது. எங்கே முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்துங்கள். கனசதுரத்தில் இருட்டாக இருந்த முகம் சட்டென்று விழித்துக்கொள்ளும். உருண்டையில் நிழல் வழுக்கிக்கொண்டே போகும்.

சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏன் இந்த நாலைந்து வடிவங்களையே சுற்றி வருகிறார்கள் என்று கேட்பவர்களிடம், முதலில் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். எளிய வடிவம் என்றால் அதிகம் யோசிக்காமல் போட்ட வடிவம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது சரியில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு குணம் உண்டு. வெளிச்சத்தை எப்படி வாங்கும், எடையை எப்படித் தரைக்கு இறக்கும், நிலத்தில் எப்படி உட்காரும், பார்ப்பவரை எங்கே நிற்க வைக்கும் என்பதெல்லாம் வடிவத்துக்கு வடிவம் மாறும். அந்தக் குணத்தைத் தெரிந்து எடுப்பதில்தான் திறமையே இருக்கிறது.

வடிவங்களின் பட்டியல் சிறியது: கனசதுரம், கோளம், உருளை, கூம்பு, பிரமிடு, அப்புறம் பட்டகம். இவை பிறக்கும் விதமும் எளிதுதான். ஒரு சதுரத்தை அதன் தளத்துக்குச் செங்குத்தாக, அதன் பக்க நீளத்துக்கு நகர்த்தினால் அது கடந்துவந்த இடமெல்லாம் சேர்ந்து கனசதுரம். வட்டத்தை அப்படி நகர்த்தினால் உருளை. அரைவட்டத்தை அதன் விட்டத்தைச் சுற்றிச் சுழற்றினால் கோளம். செங்கோண முக்கோணத்தை, செங்கோணத்தை ஒட்டிய ஒரு பக்கத்தைச் சுற்றிச் சுழற்றினால் கூம்பு. நகர்த்துதல், சுழற்றுதல் என்ற இந்த இரண்டும் கணக்குப் புத்தகத்தோடு நிற்பவை அல்ல. குயவரின் சக்கரமும் தச்சரின் கடைசல் இயந்திரமும் செய்வது சுழற்றுதல். நீளமான இரும்புக் குழாயும் அலுமினியச் சட்டமும் நகர்த்துதலில் பிறந்தவை. கையிலிருக்கும் கருவி எந்த வகை என்பதே பாதி வடிவத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

எடை எங்கே போகிறது

மணலைக் கையிலிருந்து மெல்லக் கொட்டினால் தானாகவே ஒரு கூம்பு எழும். ஒரு சாய்வுக்கு மேல் அது நிற்காது, சரிந்துவிடும். பிரமிடு அந்தக் குவியலுக்கு நெருங்கிய உறவு. அகலமான அடி, போகப் போகக் குறுகும் உடல், மேலே ஒரு புள்ளி. எகிப்தின் கீசாவில் கூஃபு மன்னனின் பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2560-இல் எழுந்தது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 230 மீட்டர், உயரம் முதலில் சுமார் 146 மீட்டர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. எந்தப் பிரமிடையும் பாதி உயரத்தில் கிடைமட்டமாக வெட்டுங்கள். மேல் பாதியில் இருப்பது மொத்தக் கல்லில் எட்டில் ஒரு பங்குதான். எட்டில் ஏழு பங்கு கீழே இருக்கிறது. இன்னும் கீழே வந்து, அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் வெட்டினால், அந்தத் தட்டையான அடிப்பகுதியிலேயே கிட்டத்தட்ட பாதிக் கல் அடங்கிவிடும். வானளாவ நிற்பதுபோலத் தெரியும் ஒன்றின் பெரும்பகுதி உண்மையில் தரையை ஒட்டிக் கிடக்கிறது. அதனால்தான் அது அசையாமல் நிற்கிறது, நம் கண்ணுக்கும் அசைக்க முடியாததாகத் தெரிகிறது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. கூஃபுவின் தந்தை ஸ்நெஃபெரு, தஹ்ஷூரில் ஒரு பிரமிடு கட்டினார். அதன் கீழ்ப்பகுதி சுமார் 54 பாகைச் சாய்வில் எழுகிறது. பாதி வழியில் சட்டென்று சுமார் 43 பாகைக்கு மடங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தோள் குனிந்தாற்போல இருக்கும். கட்டும்போதே விரிசல் கண்டதால் மேல் எடையைக் குறைக்கச் சாய்வை மாற்றினார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அவருடைய அடுத்த பிரமிடு கிட்டத்தட்ட அந்தக் குறைந்த சாய்விலேயே எழுந்தது. மகன் காலத்தில் சாய்வு சுமார் 52 பாகைக்கு ஏறியது. வடிவம் ஒன்றுதான், சில பாகைகள் மாறினால் அது பிழைப்பதும் விரிசல் விடுவதும் மாறிவிடுகிறது.

இதே பிரமிடு 1989-இல் பாரிசில் லூவர் அருங்காட்சியக முற்றத்தில் கண்ணாடியாக எழுந்தது. வடிவமைத்தவர் ஐ. எம். பெய். உயரம் 21 மீட்டருக்குச் சற்று மேல். கீசாவில் எடைக்காக நின்ற வடிவம் இங்கே நேர் எதிரான வேலையைச் செய்கிறது. நிலத்துக்கடியில் இருக்கும் நுழைவுக் கூடத்துக்கு வெளிச்சம் தர வேண்டும். சுற்றியுள்ள பழைய அரண்மனையை மறைக்கவும் கூடாது. ஒரே அடியும் ஒரே உயரமும் உள்ள பெட்டியோடு ஒப்பிட்டால் பிரமிடு அடைப்பது மூன்றில் ஒரு பங்கு இடத்தைத்தான். மேலே போகப் போகத் தன்னைக் குறைத்துக்கொண்டு வானத்தையும் அரண்மனையையும் விட்டுக்கொடுக்கிறது. பொருளும் அளவும் மாறினால் அதே வடிவம் வேறு பேச்சுப் பேசும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கோளத்தோடு ஒரு போராட்டம்

கோளத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு: குறிப்பிட்ட கனஅளவை மிகக் குறைந்த மேற்பரப்பில் அடைக்கும் வடிவம் அதுதான். சோப்புக் குமிழி உருண்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் கட்டடமாக அது மிகவும் படுத்தும். தரையை ஒரு புள்ளியில்தான் தொடும். உள்ளே தளம் போட்டால் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் அளவு. சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. 1784-இல் எத்தியன்-லூயி பூலே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர், நியூட்டனின் நினைவாக 150 மீட்டர் உயரக் கோளம் ஒன்றை வரைந்தார். சுவரில் சிறு துளைகள் வழியே பகல் வெளிச்சம் விண்மீன்கள்போல உள்ளே தெரிய வேண்டும் என்பது அவர் கனவு. அது கட்டப்படவே இல்லை.

ஆகவே பெரும்பாலும் கோளத்தைப் பாதியாக்கிச் சுவர்மேல் கவிழ்த்தார்கள். அதுதான் குவிமாடம். ரோமில் ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126-ஐ ஒட்டி முடிந்த பேந்தியன் கோயிலுக்குள் போனால் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். உள்விட்டம் சுமார் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. அதாவது, முழுக் கோளம் ஒன்றை உள்ளே இறக்கினால் அதன் அடி தரையைச் சரியாகத் தொடும். கோளத்தின் மேல் பாதி மட்டும்தான் கான்கிரீட்டாக இருக்கிறது. கீழ்ப் பாதி வெறும் காற்று. ஆனாலும் உள்ளே நிற்பவர் முழு உருண்டை ஒன்றுக்குள் இருப்பதை உணர்கிறார். உச்சியில் 8 மீட்டருக்கும் அகலமான ஒரு வட்டத் திறப்பு. அதன் வழியே விழும் வெயில் நாள் முழுக்கச் சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

குவிமாடத்தின் அடிவிளிம்பு எப்போதும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். கவிழ்த்த காகிதக் கிண்ணத்தின் உச்சியை அழுத்தினால் விளிம்பு அகலுமே, அதேதான். ரோமானியர்கள் அடியில் சுமார் 6 மீட்டர் தடிமன் வைத்து, உச்சித் திறப்பை நெருங்கும்போது அதைச் சுமார் 1.2 மீட்டருக்குக் குறைத்தார்கள். மேலே போகப் போக, கலவையில் சேர்த்த கல்லையும் லேசானதாக மாற்றினார்கள். உச்சிக்கு அருகில் நுரைக்கல். இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை இதுதான் உலகில் பெரியது.

சரி, சுவர் வட்டமாக இருந்தால் அதன்மேல் குவிமாடம் எளிதாக உட்காரும். அறை சதுரமாக இருந்தால்? சதுரத்தின் நான்கு மூலைகளும் அந்தரத்தில் நிற்குமே. இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோபியாவில் (கி.பி. 537) இதற்கு ஓர் அழகான விடை இருக்கிறது. சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொடும் பெரிய அரைக்கோளம் ஒன்றை மனத்தில் கவிழ்த்துக்கொள்ளுங்கள். சதுரத்துக்கு வெளியே பிதுங்கும் நான்கு பக்கங்களையும் நேராகச் சீவுங்கள்; நான்கு வளைவுகள் கிடைக்கும். இப்போது அந்த வளைவுகளின் உச்சி மட்டத்தில் கிடைமட்டமாக ஒரு வெட்டு. மிஞ்சுவது நான்கு மூலைகளிலும் குழிந்த நான்கு முக்கோணத் துண்டுகள். அவற்றின் மேல்விளிம்பு ஒரு முழு வட்டம். அந்த வட்டத்தின்மேல் குவிமாடம் ஏறி உட்கார்ந்துவிடும். சதுரம் வட்டமாகும் இந்த இடத்தைத்தான் நான் எந்தக் குவிமாடக் கட்டடத்திலும் முதலில் தேடுவேன். பீஜாப்பூரின் கோல் கும்பாஸ் (1656) வேறு வழியில் போகிறது: ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் எட்டு வளைவுகள் சதுர அறையை நட்சத்திரமாக்கி, நட்சத்திரத்தை வட்டமாக்குகின்றன.

கோளத்தின் கதையில் சிட்னி ஓபரா மாளிகையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1957-இல் டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் அதற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது அந்தக் கூரைகள் கையால் வரைந்த சுதந்திரமான வளைவுகள். அவற்றுக்குக் கணிதம் இல்லை. பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். சிக்கல் இதுதான்: ஒவ்வொரு கூரையின் வளைவும் வேறு, ஒரே கூரையிலும் இடத்துக்கிடம் வேறு. அப்படியானால் ஒவ்வொரு கான்கிரீட் துண்டுக்கும் தனி அச்சு செய்ய வேண்டும். செலவு தாங்காது. கடைசியில் 1961-இல் கிடைத்த விடை, எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுப்பது. அந்தக் கோளத்தின் ஆரம் சுமார் 75 மீட்டர்.

இது ஏன் வேலை செய்தது? ஒரு பழைய ரப்பர் பந்தை எடுத்துக் கத்தரிக்கோலால் நீளமாக, அகலமாக, கூர்மையாக எப்படி வேண்டுமானாலும் துண்டுகள் வெட்டுங்கள். வெளிக்கோடுகள் எல்லாம் வேறு வேறாக இருக்கும். ஆனால் வளைவு எல்லாவற்றிலும் ஒன்றே. எந்தத் துண்டையும் எந்தத் துண்டின்மேலும் வைத்தால் படிந்து உட்காரும். அதனால் ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. கூரையை மூடும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகளையும் ஒழுங்காகப் பதிக்க முடிந்தது. மாளிகை 1973-இல் திறக்கப்பட்டது. பாய்மரங்கள் என்று நாம் பார்ப்பவை ஒரே பந்தின் துண்டுகள். எளிய வடிவத்துக்கு இறங்கி வந்ததால் அந்தக் கனவு குறுகிவிடவில்லை, கட்டக்கூடியதாக ஆனது.

முக்கோணத்தைப் பற்றிக் கொஞ்சம்

நான்கு அட்டைப் பட்டைகளை மூலைகளில் குண்டூசியால் இணைத்துச் சதுரமாக்குங்கள். ஒரு பக்கம் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று பட்டைகளால் முக்கோணம் செய்தால் அசையாது. மூன்று பக்கங்களின் நீளம் தீர்மானமாகிவிட்டால் முக்கோணத்தின் கோணங்களும் தீர்மானமாகிவிடும். சதுரத்துக்கு அப்படி இல்லை. பாலங்களிலும் கூரைத் தாங்கிகளிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பது இதனால்தான். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இதைக் கோளத்தோடு சேர்த்தார். 1967-இல் மாண்ட்ரியால் உலகக் கண்காட்சிக்காக அவர் எழுப்பிய சுமார் 76 மீட்டர் விட்டமுள்ள கூடம், நேரான இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்துச் செய்த உருண்டை.

ஜெய்ப்பூரின் பழைய வானாய்வுக்கூடமான ஜந்தர் மந்தரில் இருக்கும் பெரிய சூரியக் கடிகாரம் இன்னொரு வகை. சுமார் 27 மீட்டர் உயரமுள்ள செங்கோண முக்கோணச் சுவர் அது. அதன் சாய்ந்த விளிம்பு தரையோடு செய்யும் கோணம் 27 பாகை. அந்த ஊரின் அட்சரேகையும் அதுவே. அப்போதுதான் விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும், நிழல் சரியான நேரம் காட்டும். பார்க்க நவீனச் சிற்பம்போல இருக்கிறது. ஆனால் அழகுக்காக ஒரு பாகைகூட மாற்ற முடியாது.

சிற்பி செய்யும் நாலு காரியங்கள்

சுரங்கத்திலிருந்து கல் வருவதே பெட்டியாகத்தான். பழைய எகிப்துச் சிற்பிகள் அந்தப் பெட்டியின் பக்கங்களில் கட்டம் போட்டு, முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் வரைந்துகொண்டு உள்ளே செதுக்கிப் போனார்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் ஒரு வகைச் சிலையைக் கண்டுபிடித்தார்கள்: முழங்காலை மார்போடு அணைத்துக் குந்தி உட்கார்ந்த மனிதர், உடம்பு முழுக்க ஒரு போர்வை. தலையும் கைகளும் பாதமும் மட்டும் வெளியே தெரியும். மற்றதெல்லாம் ஒரு கனசதுரம். நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு இல்லாததால் உடையாது. தட்டையான பக்கங்களில் எழுத்தும் பொறிக்கலாம். இவ்வளவு நடைமுறைக் காரணங்களோடு பிறந்த அந்த உருவத்தில் ஓர் ஆழ்ந்த அமைதியும் இருக்கிறது. கல்லோடு சண்டை போடாத அமைதி அது.

பிற்காலச் சிற்பிகள் எளிய வடிவத்தை வைத்துக்கொண்டு செய்வது பெரும்பாலும் நாலு காரியம்தான்: துளைப்பார்கள், சாய்ப்பார்கள், அளவை மாற்றுவார்கள், திரும்பத் திரும்ப அடுக்குவார்கள்.

இசாமு நொகுச்சி 1968-இல் நியூயார்க்கில் ஒரு சிவப்புக் கனசதுரத்தை அதன் ஒரு மூலையில் நிறுத்தினார். நடுவே ஓர் உருளைத் துளை. உண்மையில் அது கனசதுரமே அல்ல. மேல்நோக்கிச் சற்று இழுக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் இருக்கும் கட்டடங்கள் எல்லாம் நேர்க்கோடுகள், செங்குத்துகள். அவற்றின் நடுவே அதே பெட்டி உடம்போடு ஒன்று மட்டும் காலூன்றாமல் நிற்கிறது. கனசதுரத்தின் குணம் தரையில் அழுந்தி உட்காருவது. அந்தக் குணத்தை அவர் பறித்ததால்தான் நமக்கு அது இப்போதே உருண்டுவிடும் என்று தோன்றுகிறது.

அளவுக்கு டோனி ஸ்மித்தைச் சொல்லலாம். 1962-இல் அவர் செய்வித்த எஃகுக் கனசதுரத்தின் பக்கம் சரியாக 6 அடி. இன்னும் பெரிதாக இருந்தால் அது நினைவுச் சின்னமாகி நம்மைச் சிறிதாக்கிவிடும். இன்னும் சிறிதாக இருந்தால் நாம் மேலிருந்து பார்க்கும் ஒரு பொருளாகிவிடும் என்பது அவர் எண்ணம். 6 அடியில் அது எதிரே நிற்கும் இன்னோர் ஆள்போல இருக்கிறது. வடிவத்தில் அவர் எதுவுமே செய்யவில்லை, அளவை மட்டும் தேர்ந்தார்.

அடுக்குவதற்கு பிரான்குசிதான். ருமேனியாவில் தார்கு ஜியு நகரில், முதல் உலகப் போரில் உயிரிழந்தவர்கள் நினைவாக, 1938-இல் ஒரு தூண் எழுந்தது. உயரம் ஏறத்தாழ 30 மீட்டர். நடுவில் புடைத்து இரு முனைகளிலும் ஒடுங்கும் ஒரே துண்டு, வார்ப்பிரும்பில் திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டு, உள்ளே ஓடும் எஃகுத் தண்டில் மணிபோலக் கோக்கப்பட்டிருக்கிறது. உச்சியில் இருப்பது பாதித் துண்டு. அங்கே எந்த மூடியும் இல்லை, கூரும் இல்லை. பாதியில் விட்டதால் மீதிப் பாதியை நம் கண்ணே போட்டுக்கொள்கிறது, அதற்கு மேல் இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. முடிவில்லாத தூண் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைத் தாங்குவது அந்தப் பாதித் துண்டு.

இதே பிரான்குசியின் பறவைச் சிற்பம் ஒன்று, இறகோ அலகோ இல்லாத மெல்லிய வெண்கல வடிவம், 1926-இல் நியூயார்க் வந்திறங்கியபோது சுங்க அதிகாரிகள் அதைக் கலைப்பொருளாக ஏற்கவில்லை. 40 சதவீத வரி போட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போய், 1928-இல் அது சிற்பம்தான் என்று தீர்ப்பானது. எளிய வடிவத்தைக் கலை என்று ஏற்கச் சட்டமே ஒரு படி நகர வேண்டியிருந்தது.

துளைப்பதில் கட்டடக் கலைஞர்களும் குறைந்தவர்கள் இல்லை. லூயி கான் வடிவமைத்து, அவர் மறைவுக்குப் பின் 1982-இல் முடிந்த டாக்கா நாடாளுமன்றக் கட்டடத்தில், கனத்த கான்கிரீட் சுவர்களில் பிரம்மாண்டமான வட்டங்களும் முக்கோணங்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. அவை சன்னல்கள் அல்ல. அந்தச் சுவருக்கும் உள்ளறைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. வெயில் முதல் சுவரில் உடைந்து, மென்மையான வெளிச்சமாகத்தான் உள்ளே சேர்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ ஆழம் தெரியாத கரிய வட்டம்.

இனி அந்தக் களிமண் கனசதுரத்தை மறுபடி எடுங்கள். நொகுச்சி செய்ததுபோல ஒரு மூலையில் நிறுத்தி, எதிர் மூலை நேர் மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஓர் இழுத்த நூலால் கிடைமட்டமாக அறுத்தால் வெட்டு முகம் சிறிய முக்கோணமாக இருக்கும். இன்னொரு கனசதுரம் செய்து, அதே நிலையில் சரியாகப் பாதி உயரத்தில் அறுங்கள். இப்போது கிடைப்பது எல்லாப் பக்கமும் சமமான ஓர் அறுகோணம். சதுரங்களால் மட்டுமே ஆன ஒன்றுக்குள் அது இருந்திருக்கிறது.